விண்மீனின் இரண்டாம் சாவு

1933ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் எளிதில் நம்ப முடியாத இரண்டு செய்திகளைச் சொன்னார். முதலாவது, கோமா என்ற விண்மீன்மண்டலக் கொத்தைப் பற்றியது. அதிலுள்ள மண்டலங்கள் ஓடும் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அவற்றைக் கட்டிப்போடப் போதாது. கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லையென்றால் ஒளிவிடாத பொருள் ஏதோ அங்கே மிகுதியாக இருக்கிறது என்றார். கரும்பொருள் என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். இரண்டாவதை அதே ஆண்டு டிசம்பரில், ஸ்டான்ஃபோர்டில் நடந்த அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்தில் வால்டர் பாடேயுடன் சேர்ந்து சொன்னார்: பெரிய விண்மீன் வெடித்துச் சாகும்போது எஞ்சுவது நியூட்ரான்களால் ஆன, மிகச் சிறிய, மிக அடர்ந்த உடல். நியூட்ரான் என்ற துகளை ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்து அப்போது இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

இரண்டு கருத்துகளும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன. நியூட்ரான் விண்மீன் உண்மையிலேயே இருக்கிறது என்பதை 1967இல் ஜோசலின் பெல் பதிவுசெய்த ரேடியோ துடிப்புகள் காட்டின. கரும்பொருளைத் தட்டிக்கழிக்க முடியாது என்பதை 1970களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் சுருள் மண்டலங்களின் சுழற்சியை அளந்து நிறுவினார்கள். 1989இல் இட்ஷாக் கோல்ட்மன், ஷ்முவேல் நுசினோவ் என்ற இரு இயற்பியலாளர்கள் இரண்டையும் ஒரே கேள்வியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: கரும்பொருள் நியூட்ரான் விண்மீனுக்குள் விழுந்தால் அந்த விண்மீன் என்னாகும்? அவர்கள் கண்ட சாத்தியங்களில் ஒன்று கொடியது. விழுந்த கரும்பொருள் நடுவில் சேர்ந்து, சுருங்கி, கருந்துளையாகி, தன்னைச் சுமந்த விண்மீனையே உள்ளிருந்து தின்னும். ஒருமுறை செத்த விண்மீனுக்கு இரண்டாம் சாவு.

அப்படி ஒரு சாவை இன்றுவரை யாரும் உறுதியாகக் கண்டதில்லை. காணாததை வெறும் ஏமாற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. கரும்பொருள் எதுவாக இருக்க முடியாது என்று நமக்குக் கிடைத்திருக்கும் கூர்மையான சான்றுகளில் அதுவும் ஒன்று.

ஒரு சொம்புக்கு மூன்று துகள்

பிரபஞ்சத்தின் மொத்த இருப்பில் கரும்பொருள் ஏறத்தாழ 27 விழுக்காடு. நாமும் விண்மீன்களும் வாயு மேகங்களுமாகச் சேர்ந்து 5 விழுக்காடு. மீதி இருள் ஆற்றல். பங்கு பெரிதென்றாலும் கரும்பொருள் மிக மெலிதாகப் பரவிக் கிடக்கிறது. சூரியனின் சுற்றுப்புறத்தில், ஒரு கன சென்டிமீட்டரில் இருப்பது ஒரு புரோட்டானின் நிறையில் மூன்றில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோதான். துகள் ஒன்று புரோட்டானைப்போல நூறு மடங்கு கனம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் சொம்புக்குள் எந்த நேரத்திலும் மூன்று நான்கு துகள்கள் இருக்கும். பூமியின் மொத்தக் கனஅளவுக்குள் இருப்பதைத் திரட்டினாலும் ஒரு கிலோ தேறாது. அவையும் ஓரிடத்தில் தங்குவதில்லை. நொடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நம்மை ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்த ஓட்டத்தில் ஒன்றாவது ஓர் அணுக்கருவில் இடிக்காதா என்று நிலத்தடியில் காத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பழைய தங்கச் சுரங்கம் ஒன்றில், ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், லக்ஸ்-செப்லின் என்ற கருவி 7 டன் திரவ செனானை வைத்துக்கொண்டு காவல் இருக்கிறது. இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியிலும் இதே வேலை நடக்கிறது. இடி இன்னும் விழவில்லை. இதைவிடப் பெரிய தொட்டி, இதைவிட நீண்ட காத்திருப்பு வேண்டும் என்றால் மனிதர் கட்டியவற்றில் அது இல்லை. வானத்தில் இருக்கிறது.

பூமியைவிட அகலமான வலை

செத்த விண்மீன்கள் மூன்று வகை. சூரியனைப் போன்றவை எரிபொருள் தீர்ந்தபின் வெண்குறுமீன்களாக எஞ்சும். பூமியளவு உடலுக்குள் சூரியனளவு நிறை; எலெக்ட்ரான்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமர மறுப்பதால் பிறக்கும் அழுத்தம்தான் அதைத் தாங்கி நிற்கிறது. அந்தத் தாங்கலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து, பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் பயணத்திலேயே கணக்கிடத் தொடங்கினார். இன்று நாம் சொல்லும் எல்லை ஏறத்தாழ 1.4 சூரிய நிறை. அதைத் தாண்டிய உள்ளகம் நொறுங்கி நியூட்ரான் விண்மீனாகும். அதுவும் தாங்காவிட்டால் கருந்துளை.

நியூட்ரான் விண்மீன் ஏன் நல்ல பொறி என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். தென்வானில், ஏறத்தாழ 510 ஒளியாண்டுத் தொலைவில் பி.எஸ்.ஆர். ஜே0437-4715 என்ற துடிப்பு விண்மீன், அதாவது சுழன்றபடி ரேடியோ துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன், இருக்கிறது. நொடிக்கு 173 முறை சுழல்கிறது. நிறை சூரியனைப்போல 1.42 மடங்கு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட நைசர் எக்ஸ்-கதிர் தொலைநோக்கி அதன் ஆரத்தை 11.4 கிலோமீட்டர் அளவில் கணித்திருக்கிறது. அப்படியானால் அதன் ஒரு கன சென்டிமீட்டரின் சராசரி எடை சுமார் 45 கோடி டன். அதன் பரப்பில் விழும் எதுவும் ஒளியின் வேகத்தில் 60 விழுக்காட்டை எட்டித்தான் விழும். சூரியனில் அதே வீழ்ச்சி நொடிக்கு 618 கிலோமீட்டரோடு நின்றுவிடும்.

இந்த ஈர்ப்பு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, தொலைவில் விலகிப் போகிற துகளையும் வளைத்து இழுக்கிறது. கணக்குப் போட்டால், 11 கிலோமீட்டர் ஆரமுள்ள உடல் சுமார் 11,000 கிலோமீட்டர் ஆரத்துக்கு வலை வீசுகிறது. பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர்தான். இரண்டு, உள்ளே வந்த துகள் ஒரே ஒரு நியூட்ரானில் இடித்தாலும் போதும். திரும்பித் தப்பிக்க வேண்டிய வேகத்தை அது இழந்துவிடும். விழும் அனைத்தும் சிக்குகின்றன என்று கொண்டால், நம் அண்மையிலுள்ள நியூட்ரான் விண்மீன் நொடிக்கு 60, 70 கிராம் கரும்பொருளை விழுங்கும். ஏறக்குறைய ஒரு கோழிமுட்டையின் எடை.

ஒரு முறையாவது இடிக்க, துகளுக்கும் நியூட்ரானுக்கும் எவ்வளவு உறவு வேண்டும்? விண்மீனின் முகப்பரப்பை அதிலுள்ள நியூட்ரான்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 2×10⁻⁴⁵ சதுர சென்டிமீட்டர். இதைவிட மெலிய உறவுகளையும் நிலத்தடிக் கருவிகள் தேடிவிட்டன என்பது உண்மை. புரோட்டானைப்போல 40 மடங்கு கனமுள்ள துகளுக்கு லக்ஸ்-செப்லின் அடைந்திருக்கும் நுட்பம் இதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் புரோட்டானைவிட இலேசான துகள் செனானை அசைக்கத் திணறும். நியூட்ரானின் தற்சுழற்சியை மட்டும் உணரும் துகளும், இடிக்கும்போது தன்னைக் கனமான இன்னொரு துகளாக மாற்றிக்கொள்ள ஆற்றல் தேவைப்படும் துகளும் சுரங்கத்துக் கருவிகளுக்குப் பெரும்பாலும் பிடிபடாமல் போய்விடும். ஒளிவேகத்தை நெருங்கும் வீழ்ச்சியில் இந்தச் சலுகை எதுவும் அவற்றுக்குக் கிடையாது.

முதல் விதி: சூடு

சிக்கிய துகள் தன் வேகத்தை விண்மீனிடம் ஒப்படைத்தாக வேண்டும். அது வெப்பமாக மாறும். 2017இல் மாஷா பர்யாக்தர், ஜோசஃப் பிரமான்ட், ஷெர்லி லீ, டிம் லிண்டன், நிர்மல் ராஜ் ஆகிய ஐவரும் இதைக் கணக்கிட்டார்கள். எந்தச் சூடேற்றமும் இல்லாத நியூட்ரான் விண்மீன் சில கோடி ஆண்டுகளில் 1,000 கெல்வினுக்குக் கீழே ஆறிவிடும். கரும்பொருள் விழுந்துகொண்டே இருந்தால் அது ஏறத்தாழ 1,750 கெல்வினில் நின்றுவிடும். அந்த நிறம் குத்துவிளக்குச் சுடரின் நிறத்துக்குப் பக்கத்தில் வரும். ஒளியின் பெரும்பகுதி அகச்சிவப்பில் இருக்கும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண் அதே அலைநீளத்துக்காகச் செய்யப்பட்டது.

கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் இரண்டு தடைகள். இதுவரை ஆராயப்பட்ட நியூட்ரான் விண்மீன்களில் மிகக் குளிர்ந்தவற்றுள் ஒன்றான பி.எஸ்.ஆர். ஜே2144-3933ஐ ஹபிள் தொலைநோக்கி தேடிப் பார்த்தது, ஒன்றும் தெரியவில்லை. அதிலிருந்து 2019இல் கிடைத்த முடிவு, அதன் வெப்பநிலை 42,000 கெல்வினுக்குக் கீழே என்பதுதான். 1,750க்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! 1,750 கெல்வின் ஒளியைப் பிடிக்க விண்மீன் ஏறத்தாழ 30 ஒளியாண்டுக்குள் இருக்க வேண்டும். பால்வெளியில் பத்துக் கோடிக்குக் குறையாத நியூட்ரான் விண்மீன்கள் இருக்க வேண்டும் என்பதால் அத்தனை அண்மையில் ஒன்றிரண்டு இருக்கலாம். ஆனால் நாம் அறிந்த துடிப்பு விண்மீன்கள் சில ஆயிரம் மட்டுமே, அவற்றில் அவ்வளவு அருகில் எதுவும் இல்லை.

இரண்டாவது தடை ஆழமானது. விண்மீன் சூடாக இருந்தால் அது கரும்பொருளின் வேலைதான் என்று எப்படிச் சொல்வது? நம் ஜே0437 பல நூறு கோடி ஆண்டு முதியது. ஆனாலும் புறஊதாவில் பார்த்தால் அதன் மேற்பரப்பு ஒரு லட்சம் கெல்வின் அளவில் இருக்கிறது. சுழற்சி தளரும்போது உள்ளே அழுத்தம் மாறி, அணுக்கரு வினைகள் சமநிலை தேடுவதாலும் சூடு பிறக்கும். உள்ளிருக்கும் மிகைப்பாய்மச் சுழல்கள் ஓட்டோடு உரசுவதாலும் பிறக்கும். ஆகவே சூடான விண்மீன் எதையும் நிரூபிக்காது. குளிர்ந்த விண்மீன்தான் பேசும்: ஒரே ஒரு முதிய விண்மீன் 1,000 கெல்வினுக்குக் கீழே இருப்பதாகத் தெரிந்தால், அதை இடிக்கக்கூடிய கரும்பொருள் வகைகள் அத்தனையும் ஒரே நாளில் பட்டியலிலிருந்து போய்விடும்.

இரண்டாம் விதி: விழுங்கல்

சிக்கிய துகள்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் கதை வெப்பத்தோடு முடியும். பல கோட்பாடுகளில் கரும்பொருளும் நம் பொருளைப் போலவே துகள் மட்டும் மிஞ்சி எதிர்த்துகள் இல்லாத வகை. அது அழியாது, சேரும். ஆயிரம் கோடி ஆண்டு சேர்ந்தாலும் சேமிப்பு எவ்வளவு? நொடிக்கு 70 கிராம் வீதம் ஏறத்தாழ 2×10¹⁶ கிலோ. செவ்வாயின் குட்டி நிலவான போபோஸைப்போல இரு மடங்கு. விண்மீனின் நிறையோடு ஒப்பிட்டால் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

இந்த அற்பச் சேமிப்பு விண்மீனின் மையத்தில் குளிர்ந்து ஒடுங்கும்போது சந்திரசேகரின் அதே வாதம் திரும்பி வருகிறது. துகள்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமர மறுக்கும் ஃபெர்மியான்கள் என்றால், அவை தாங்கக்கூடிய நிறை துகளின் நிறையின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். நியூட்ரானளவு துகளுக்கு அது சூரிய நிறை அளவில் இருக்கிறது. அதைவிடக் கோடி மடங்கு கனமான துகளுக்கு நம் போபோஸ் அளவுச் சேமிப்பே எல்லையைத் தொட்டுவிடும். துகள்கள் மறுப்பே இல்லாமல் ஒரே நிலையில் குவியும் போசான்கள் என்றால் எல்லை இன்னும் சிறுக்கும். புரோட்டானளவு போசானுக்குப் பல கோடி டன் சேர்ந்தாலே ஆபத்து தொடங்கிவிடும். தாங்கல் முறிந்ததும் கருந்துளை பிறக்கும். முழுச் சேமிப்பும் கருந்துளையானால்கூட அதன் ஆரம் ஓர் அணுவைவிடச் சிறியது. ஆனால் அது அமர்ந்திருப்பது பிரபஞ்சத்தின் மிக அடர்ந்த உணவின் நடுவில்.

எல்லாக் கருந்துளையும் தின்று வளரும் என்றும் சொல்ல முடியாது. ஸ்டீஃபன் ஹாக்கிங் காட்டியபடி, சிறிய கருந்துளை ஆவியாகும். மிகச் சிறியதாகப் பிறந்தால் தின்பதற்குள் கரைந்துவிடும். துகள்களுக்குள் சிறிது விலக்கு விசை இருந்தாலும் சரிவு தள்ளிப்போகும். இந்த விலக்குகளுக்கு வெளியே இருக்கும் கோட்பாடுகள் எல்லாம் ஒரே ஆரூடத்தைத் தருகின்றன: முதிய நியூட்ரான் விண்மீன்கள் இருக்கக் கூடாது. ஜே0437 இருக்கிறது. பல நூறு கோடி ஆண்டு விழுங்கியபின்னும் நொடிக்கு 173 முறை சுழன்று இருக்கிறது. ஆகவே அந்தக் கோட்பாடுகள் இல்லை.

கரும்பொருள் அடர்த்தி மிகுந்த பால்வெளியின் மையத்தில் நிலைமை வேறாக இருக்கலாம். அங்கே நிறைய துடிப்பு விண்மீன்கள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு மிகச் சிலவே கிடைத்தன. 2013இல் மைய மாபெரும் கருந்துளைக்கு மிக அருகில் காந்த விண்மீன் என்ற வகை நியூட்ரான் விண்மீன் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, அது இளையது. முதியவை தின்னப்பட்டுவிட்டனவா என்று 2014இல் பிரமான்டும் லிண்டனும் கேட்டார்கள். இடையிலுள்ள வாயு ரேடியோ துடிப்பை மங்கடிப்பதாலும் பலவற்றை நாம் தவறவிட்டிருக்கலாம். இந்த எளிய விளக்கம் நிற்கும்வரை அவர்களின் கேள்வி கேள்வியாகவே இருக்கும்.

வெண்குறுமீன்: திரியும் கடிகாரமும்

வெண்குறுமீனின் அடர்த்தி குறைவு. ஆனால் அதற்குள் இருக்கும் கார்பன் வெடிமருந்து. நுண்ணிய பகுதி ஒன்று திடீரென நூறு கோடிப் பாகைக்கு மேல் சூடானால் தீ முழு உடலுக்கும் பரவி சூப்பர்நோவாவாகும். 2015இல் கிரஹாம், ராஜேந்திரன், வரேலா மூவரும், ஆதிப் பிரபஞ்சத்தில் பிறந்த சிறு கருந்துளைகளே கரும்பொருள் என்றால் அவற்றில் ஒன்று வெண்குறுமீனை ஊடுருவும்போதே திரியைப் பற்றவைக்கும் என்று காட்டினார்கள். பின்வந்த நுட்பமான கணிப்புகள் அந்த முடிவைத் தளர்த்தின. வாதத்தின் வடிவம் மாறவில்லை: வெடிக்காமல் நிற்கும் வெண்குறுமீனும் ஒரு தரவு.

இன்னொன்று வெண்குறுமீனைக் கடிகாரமாகக் கொள்கிறது. ஜி117-பி15ஏ என்ற வெண்குறுமீன் 215 நொடிக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறைகிறது. அந்தக் காலஅளவு ஒரு நொடி நீள 60 லட்சம் ஆண்டு ஆகும். 1970களிலிருந்து அளந்துவருகிறார்கள். நீளும் வேகம் குளிரும் வேகத்தைச் சொல்லும். கணித்ததைவிட அது சற்று விரைவாகவே குளிர்கிறது. கரும்பொருளாக இருக்கலாம் என்று கருதப்படும் ஆக்ஸியான் என்ற கற்பனைத் துகள் உள்ளே பிறந்து வெப்பத்தைத் திருடிக்கொண்டு வெளியேறுகிறது என்பது ஒரு விளக்கம். இங்கே விண்மீன் கரும்பொருளைப் பிடிக்கவில்லை, தயாரிக்கிறது. ஒரு விண்மீனின் உள்ளமைப்புக் கணக்கில் சிறு பிழை இருந்தாலும் இந்தத் திருட்டு மறைந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கரும்பொருளே உடலாகும்போது

இதுவரை பார்த்ததில் கரும்பொருள் விருந்தாளி. அதுவே தனியாக ஓர் உடலாகத் திரள முடியுமா? போசான்கள் தம் ஈர்ப்பாலேயே கட்டுண்டு நிற்கும் உருண்டையை 1968இல் டேவிட் காப்பும், 1969இல் ருஃபினியும் போனசோலாவும் கணிதத்தில் காட்டினார்கள். துகள் எவ்வளவு இலேசோ அவ்வளவு பெரிய உருண்டை. 10⁻¹⁰ எலெக்ட்ரான்-வோல்ட் அளவுள்ள துகளுக்குச் சூரிய நிறையை நெருங்கும் போசான் விண்மீன் அமையும். 2019இல் பதிவான ஜிடபிள்யூ190521 என்ற ஈர்ப்பலையைக் கருந்துளைகளின் இணைவாக அல்லாமல் இத்தகைய இரு உருண்டைகளின் மோதலாகவும் விளக்க முடியும் என்று ஒரு குழு முன்வைத்தது. பெரும்பாலோர் கருந்துளை விளக்கத்தையே ஏற்கிறார்கள்.

இன்னொரு சாத்தியம், இரண்டும் கலந்த உடல். நியூட்ரான் விண்மீனின் நடுவே கரும்பொருள் கரு இருந்தால் விண்மீன் சுருங்கும். சுற்றிலும் உறையாகப் படர்ந்தால் இணை விண்மீனின் இழுப்பில் அதிகம் நெளியும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது பதிவான ஈர்ப்பலையில் அந்த நெளிவு அளவிடப்பட்டது. அதன்பின் இத்தகைய கலப்பு உடல்களைப் பற்றி ஏராளமான கட்டுரைகள் வந்தன. அவற்றை வாசிப்பவர் ஓர் எண்ணை மறக்கக் கூடாது. அளவீட்டில் தெரியும்படியான மாற்றத்துக்கு விண்மீனின் நிறையில் சில விழுக்காடு கரும்பொருள் வேண்டும். விழுந்து சேர்வதோ போபோஸின் இரு மடங்கு. இடையில் லட்சம் கோடி மடங்குப் பள்ளம். அதைத் தாண்ட, விண்மீன் பிறக்கும்போதே அடர்ந்த கரும்பொருள் திரளில் பிறந்தது என்றோ, நியூட்ரானே கரும்பொருளாகச் சிதைகிறது என்றோ சொல்ல வேண்டும்.

இரண்டாவதைச் சொல்லியும் பார்த்தார்கள். நியூட்ரானின் ஆயுளை ஒரு முறையில் அளந்தால் ஏறத்தாழ 888 நொடி, இன்னொரு முறையில் 878 நொடி. நூறில் ஒரு நியூட்ரான் கரும்பொருளாகச் சிதைவதே அந்த வேறுபாடு என்று 2018இல் ஃபோர்னலும் கிரின்ஸ்டைனும் எழுதினார்கள். சில வாரங்களிலேயே பதில் வந்தது, செத்த விண்மீன்களிடமிருந்து. நியூட்ரான்களுக்கு அப்படி ஒரு வாசல் திறந்திருந்தால் அவை அழுத்தம் தாங்காமல் அதன் வழியே வழிந்துவிடும். எந்த நியூட்ரான் விண்மீனும் 2 சூரிய நிறையை எட்டாது. அத்தனை நிறையுள்ளவை வானில் நிற்கின்றன. எளிய வடிவில் அந்தக் கோட்பாடு அத்துடன் முடிந்தது.

விழுங்கல் உண்மையானால் அதன் எச்சமும் தேடத்தக்கது. விண்மீன் இயல்பாகச் சாகும்போது இலேசான கருந்துளை பிறக்காது, 1.4 சூரிய நிறையுள்ள கருந்துளை ஒன்று கிடைத்தால் அது உள்ளிருந்து தின்னப்பட்ட நியூட்ரான் விண்மீனாக இருக்கலாம் என்று 2021இல் பாசுதேப் தாஸ்குப்தா, ரஞ்சன் லாஹா, அனுபம் ரே ஆகியோர் சுட்டினார்கள். அத்தகைய இரண்டு இணைந்தால் ஈர்ப்பலை நியூட்ரான் விண்மீன்களுடையதைப்போல ஒலிக்கும். ஆனால் நெளிவு இராது, பின்தொடரும் ஒளி வெடிப்பும் இராது. ஈர்ப்பலைகளைப் பதியும் லைகோ கருவிகள் வலுப்பெறும்போது இந்த வேறுபாட்டைப் பிரித்தறிய முடியும்.

சாட்சியின் எடை

சுரங்கத்திலுள்ள செனான் தொட்டியில் ஒவ்வோர் எண்ணையும் வைத்தது நாம்தான். எதை மாற்றினால் என்னாகும் என்று சோதிக்க முடியும். விண்மீனின் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு நாம் நம்பும் கணக்குகள் மட்டுமே துணை. மையத்தில் இருப்பது நியூட்ரான்களா, குவார்க்குகளா என்பதுகூட முடிவாகவில்லை. ஆகவே ஒரு விந்தையான விண்மீனைக் கண்டவுடன் கரும்பொருள் என்று கூவுவது அவசரம். ஆனால் இல்லை என்று சொல்வதில் இந்தச் சாட்சிகளுக்கு இணை கிடையாது. எந்தச் சுரங்கக் கருவியும் நூறு கோடி ஆண்டு ஓடியதில்லை.

ஸ்விக்கி கோமா கொத்தைப் பார்த்து எழுப்பிய கேள்வியும் இதே வடிவம்தான்: சிதறியிருக்க வேண்டியது ஏன் சிதறவில்லை? அந்தக் கேள்வியிலிருந்து கரும்பொருள் பிறந்தது. இன்று அவருடைய மற்றொரு பிள்ளையைப் பார்த்துக் கேட்கிறோம்: செத்திருக்க வேண்டியது ஏன் சாகவில்லை? ஜே0437இன் துடிப்புகள் நொடிக்கு 173 வீதம் ரேடியோ தொலைநோக்கிகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு துடிப்பும் கரும்பொருளுக்கு நாம் எழுதிவைத்த பல முகவரிகளைத் தப்பு என்கிறது. சரியான முகவரியை அது சொல்லப்போவதில்லை; எங்கே போய்க் கதவைத் தட்ட வேண்டாம் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது.